பூனையைக் கண்டால் கத்துகிறவையும் கத்தாதவையும்

எங்கள் வீட்டுப் பூனைக்கு ஜென்ம விரோதி நாய் இல்லை. நாய்க்கு வயதாகிவிட்டது, பூனை அதன் வயிற்றோடு ஒட்டிப் படுத்துத் தூங்குகிறது. பூனையை நிம்மதியாக நாலடி நடக்கவிடாதவை தவிட்டுக்குருவிகள்தான்.

பூனைக்குச் சாளை, அதாவது மத்தி மீன், என்று பெயர். மீன்கார அக்கா வாசலில் கூடையை இறக்கும் முன்பே அவர் குரலுக்கு ஓடிவந்து நிற்பதால் பிள்ளைகள் வைத்த பெயர். குமரி மாவட்டத்தில் இரணியலுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பழைய ஓட்டு வீடு, சுற்றிலும் விளை. தென்னை, வாழை, இரண்டு பலா, மூலையில் நெடுநெடுவென்று ஒரு அயனி. உதிர்கிற சருகை அம்மை முழுக்கக் கூட்டவிடமாட்டாள், தென்னை மூட்டுக்கு உரமாகட்டும் என்பாள். அந்தச் சருகைப் புரட்டிப் புழு பூச்சி பொறுக்கத்தான் தவிட்டுக்குருவிகள் காலையில் கூட்டமாக வருகின்றன.

ஏழெட்டுக் குருவிகள் தரையில் நின்று இலையைப் புரட்டும்போது ஒன்று மட்டும் சாப்பிடாமல் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்திருக்கும். காவல் முறை. கொஞ்ச நேரத்தில் அது இறங்கும், வேறொன்று ஏறும். வாழைமூட்டுக்குப் பின்னாலிருந்து சாளை வயிறு தரையில் உரச வருவதைப் பெரும்பாலும் அந்தக் காவல்குருவிதான் முதலில் பார்க்கும். அடுத்த நொடி மொத்தக் கூட்டமும் மேலே ஏறிவிடும். ஆனால் பறந்து போகாது. ஓர் ஆள் உயரம் ஏறியதும் எல்லாம் பூனையின் பக்கம் திரும்பி, சிறகைத் தளரவிட்டு, வாலை விரித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தும். ஒன்று கத்திக்கொண்டே கீழ்க்கிளைக்கு இறங்கும். பூனை தலையைத் தூக்கினால் அது மேலே தாவும், இன்னொன்று இறங்கும். பூனை நகர்ந்தால் மரத்துக்கு மரம் கூடவே வரும். மதிலைத் தாண்டிப் பக்கத்து விளைக்குப் போகும்வரை விடாது.

அந்த நேரத்தில் சாளை செய்வதுதான் வேடிக்கை. காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு, அப்படியே உட்கார்ந்து முன்னங்காலை நக்க ஆரம்பிக்கும். தான் வந்ததே கால் கழுவத்தான் என்பதாகக் காட்டிக்கொள்ளும். அதற்குள் அணில் வாலை வெட்டி வெட்டிக் கீச்சிடும். கொண்டைக்குருவி ஜோடி வந்து சேரும். வால்காக்கை வந்து தன் பங்குக்கு இரும்புக் குரலில் நாலு வார்த்தை சொல்லும். இந்த வால்காக்கை மற்றப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்கிற ஆள். ஆனாலும் பூனையைத் திட்டுகிற கூட்டத்தில் முன்வரிசையில் நிற்கும். ஊரில் எல்லாக் கூட்டத்திலும் இப்படி ஒருவர் இருப்பார்.

பூனை துரத்திப் பிடிக்கிற பிராணி அல்ல. பதுங்கி, நெருங்கி, ஒரே பாய்ச்சலில் பிடிப்பது. யாரும் பார்க்கவில்லை என்பதுதான் அதன் மூலதனம். ‘பார்த்தாச்சு’ என்று பத்துக் குரல் சொன்ன பிறகு அங்கே அதற்கு வேலை இல்லை. அதனால் அந்தச் சத்தம் மற்றப் பறவைகளுக்கு எச்சரிக்கை மட்டுமல்ல, பூனைக்கே நேராகச் சொல்கிற செய்தியும்தான்.

1955-இல் பீட்டர் மார்லர் என்ற ஆய்வாளர் ‘நேச்சர்’ இதழில் பறவைக் குரல்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வெவ்வேறு இனப் பறவைகளும் வானத்தில் பருந்து வகையைக் கண்டால் மெலிந்த, உச்ச ஸ்தாயியில் நீளும் ஒரு குரலைக் கொடுக்கின்றன. அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது கடினம். உட்கார்ந்திருக்கும் ஆந்தையையோ தரையில் வரும் எதிரியையோ கண்டால் அதே பறவைகள் சொரசொரப்பான, விட்டுவிட்டு வெட்டும் குரலில் கத்துகின்றன. அது எங்கிருந்து வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். முதல் குரல், எல்லாரும் ஒளிந்துகொள்ளுங்கள், ஆனால் நான் எங்கே இருக்கிறேன் என்று அவனுக்குத் தெரிய வேண்டாம் என்பது. இரண்டாவது, இதோ இங்கே இருக்கிறான், எல்லாரும் வாருங்கள் என்பது. எங்கள் விளையில் இதற்குப் பாடமே எடுக்கலாம். விடியற்காலையில் ஓட்டுக் கூரை உச்சியில் நின்று அவ்வளவு இனிமையாகப் பாடுகிற குண்டுகரிச்சான், பூனையைக் கண்டதும் தொண்டையில் முள் சிக்கினவர் மாதிரி ‘க்ர்ர்ஷ்… க்ர்ர்ஷ்’ என்று கரகரக்கும். வல்லூறு மேலே வட்டமிட்டால் இதே தவிட்டுக்குருவிக் கூட்டம் வாயை மூடிக்கொண்டு செம்பருத்திப் புதருக்குள் இறங்கிவிடும். அங்கே வீரமெல்லாம் கிடையாது.

பறவைகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டாகியிருக்கிறது. பூனையைக் கண்டு ஒரு பறவை எவ்வளவு கத்துகிறது என்பது அதன் பயத்தின் அளவு அல்ல. ஏறிப்போக ஒரு கிளை இருக்கிறது, கூட நாலு பேர் இருக்கிறார்கள், பூனையைத் தான் முதலில் பார்த்துவிட்டோம், இதெல்லாம் கைவசம் இருப்பதன் அளவு அது. விளையில் ஒரே இரைச்சலாக இருந்தால் நான் எழுந்து போய்ப் பார்ப்பதில்லை. சத்தமே இல்லாமல் பூனை ஒரு இடத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் செருப்பைத் தேடுவேன்.

காகத்தை இந்தக் கணக்கில் எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. குளச்சல் கடற்கரையில் மீன் ஏலம் முடிந்த பிறகு போய் நின்றால், காகமும் பூனையும் ஒரே தொழிலில் இருக்கும் இரண்டு போட்டியாளர்களாகத் தெரியும். ஒரு நாள் பார்த்தது: கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கிழட்டுக் கடுவன் ஒரு அயிலைத் தலையை முன்னங்காலால் அமுக்கிக்கொண்டு தின்றது. ஒரு காகம் நேர் எதிரே வந்து நின்றது, சும்மா நிற்கிற பாவனையில். இன்னொன்று பக்கவாட்டில் தத்தித் தத்திப் பின்னால் போய், வாலின் நுனியை அலகால் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தது. பூனை சீறிக்கொண்டு திரும்பியது. காகம் சரியாக ஒரு தத்தலில் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. பூனை மறுபடி குனிந்ததும் மறுபடி வால். மூன்றாவது இழுப்பில் பூனை எழுந்து முழுசாகத் திரும்ப, முன்னால் நின்றது அயிலைத் தலையைத் தூக்கிக்கொண்டு பறந்தது. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், “அதுக்கு இது தெனமும் உள்ளதுதான் மக்கா” என்றார். வால் இழுக்கிற இந்த வித்தையைக் காக்கைக் குடும்பத்துப் பறவைகள் உலகம் முழுக்கச் செய்கின்றன. நாயிடம், கழுகிடம், நீர்நாயிடம்கூட.

அதே காகம் கூட்டில் குஞ்சு வைத்திருக்கிற மாதங்களில் வேறு ஆள். அப்போது பேச்சுவார்த்தையே கிடையாது, நேராகத் தலையில் அடி. எங்கள் வீட்டில் சாளைக்கு மட்டும் இந்த மரியாதை கூடுதலாகக் கிடைக்கிறது. பக்கத்து வீட்டு வெள்ளைப் பூனை அதே வழியில் நடந்தால் ரெண்டு கத்தலோடு விட்டுவிடுகின்றன. பலாமரத்திலிருந்து விழுந்த ஒரு காகக்குஞ்சைச் சாளை கவ்விக்கொண்டு ஓடியதை அவை பார்த்தன, அதனால்தான் என்று நான் நினைக்கிறேன். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் 2006-இல் முகமூடி போட்டுக்கொண்டு காகங்களைப் பிடித்து வளையம் மாட்டி விட்டார். அதே முகமூடியோடு யார் போனாலும் வருடக்கணக்கில் காகங்கள் விரட்டி விரட்டித் திட்டின. பிடிபடாத காகங்களும் சேர்ந்து திட்டின. மனித முகத்தையே ஞாபகம் வைக்கிற பிராணிக்கு ஒரு வரிப்பூனையின் முகம் எம்மாத்திரம்?

கரிச்சானைச் சொல்லாமல் விடமுடியாது. இரட்டைவால் குருவி என்று பிள்ளைகள் சொல்வார்கள். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு பிடி கூட இருக்காது. பூனை தன் கூட்டு மரத்தடியில் வந்தால் கத்திக்கொண்டிருக்காது. நேராகப் பாய்ந்து முதுகு மயிரை உரசிக்கொண்டு மேலே ஏறும். பூனை பதுங்கும், அதற்குள் அடுத்த பாய்ச்சல். பருந்தையும் காகத்தையும் இப்படித்தான் துரத்தும். இதனால் கொண்டைக்குருவி, மாங்குயில், புறா வகைகள் கரிச்சான் கூடு கட்டிய மரத்திலேயே தாங்களும் கூடு வைப்பதுண்டு. வாடகை இல்லாத காவல். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர்த் தோட்டங்களைத் தாண்டிக் காட்டோரம் போனால் இதன் சொந்தக்காரன் துடுப்புவால் கரிச்சான் இருக்கிறது. அது இன்னொரு படி மேலே. மற்றப் பறவைகளின் அபாயக் குரலை அப்படியே பேசிக் காட்டும். இலங்கைக் காடுகளில் குடேலும் கொடகமவும் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஆபத்து நேரத்தில்தான் அது பிறர் அபாயக் குரலை எடுத்துப் போடுகிறது, சும்மா நேரத்தில் பிறர் பாட்டைப் பாடுகிறது என்று தெரிந்தது. இடம் பார்த்துப் பேசுகிறது.

இனி கோழி. வீட்டுப் பறவைகளிலேயே பூனையிடம் சமத்தாக நடந்துகொள்வது கோழிதான் என்பேன். குஞ்சோடு திரிகிற தள்ளைக்கோழியைப் பார்த்தால் சாளை சுற்றிக்கொண்டு போகும். குட்டியாக இருந்தபோதே ஒரு தடவை நெருங்கிப் பார்த்தது. கோழி சிறகை விரித்து இரண்டு மடங்கு பெருத்து, காலைத் தூக்கி மூஞ்சியில் ஒன்று போட்டது. அம்மை அடுக்களை வாசலில் நின்று, “நல்லா கெடைச்சுதா? இனி போவியா?” என்று பூனையிடம் கேட்டாள். போகவில்லை. ஆனால் அதே கோழி, குஞ்சு இல்லாத காலத்தில் பூனையைக் கண்டால் கழுத்தை நீட்டிக் கொக்கரிப்பதோடு சரி.

அந்தக் கொக்கரிப்புக்குள் விஷயம் இருக்கிறது. சேவல் வானத்தில் பருந்தைக் கண்டால் இழுத்து ஒரு குரல் கொடுக்கும். தரையில் பூனையோ கீரியோ வந்தால் ‘கொக்-கொக்-கொக்-கொக்காக்’ என்று விட்டுவிட்டுக் கத்தும். 1993-இல் எவன்ஸ் என்ற ஆய்வாளரும் மார்லரும் அவர்களுடைய குழுவும் இந்த இரண்டு குரல்களின் ஒலிப்பதிவை மட்டும், எதிரி யாரையும் காட்டாமல், கோழிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். பருந்துக் குரல் கேட்ட கோழி மறைவிடத்துக்கு ஓடியது. பூனைக் குரல் கேட்ட கோழி நிமிர்ந்து நின்று நாலு பக்கமும் பார்த்தது. சேவல் சொன்னது வெறும் ‘ஐயோ’ இல்லை, எந்த திசையிலிருந்து வரும் ஆபத்து என்பதும் அதில் இருந்தது. பக்கத்தில் பெட்டைக்கோழி இருந்தால் சேவல் பருந்துக் குரலை அதிகம் கொடுக்கிறது, தனியாக இருந்தால் குறைவு என்பதையும் மார்லர் குழுவினர் கண்டிருக்கிறார்கள். அதைச் சொன்னபோது அம்மைக்கு ஒரே சிரிப்பு. அவளுக்குத் தெரிந்த ஆண்கள் எல்லாரும் அப்படித்தானாம்.

சரி, கத்தாதவைகளுக்கு வருவோம்.

தேரூர் குளத்தங்கரையில் ஒரு மாலை. (சுசீந்திரம் – தேரூர் நீர்நிலைகள் 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. வலசை வரும் காலத்தில் கேமராக்காரர்கள் கூட்டம் பறவைக் கூட்டத்துக்குச் சமமாக இருக்கும்.) வரப்போரம் ஒரு குருட்டுக்கொக்கு, மண்ணின் நிறத்தில் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு நின்றது. பக்கத்து வீடுகளில் ஏதோ ஒன்றின் பூனை வரப்பில் வந்தது. கொக்கு அசையவில்லை. பூனை இன்னும் கிட்ட வந்தது. கொக்கு அப்போதும் அசையவில்லை, அலகு மட்டும் ஒரு நூல் அளவு அதன் பக்கம் திரும்பியது. பூனை உடம்பைத் தாழ்த்தின அந்தக் கணத்தில் மண் நிறம் முழுக்க மறைந்து பளீரென்று இரண்டு வெள்ளைச் சிறகு. பூனை ஒரு அடி பின்னால் துள்ளியது. கொக்குக்கு அது ஒரு முறைதான் உதவுகிற தந்திரம். அந்த ஒரு முறை போதும்.

கானாங்கோழி இதற்கும் அதற்கும் நடுவில். பூனையைப் பார்த்தால் குரல் இருக்காது, ஆனால் நடந்துகொண்டே குட்டை வாலை வெட்டி வெட்டித் தூக்கும், அடியில் இருக்கும் செம்பழுப்பு தெரியும். இப்படி வாலை வெட்டுவது ‘உன்னைப் பார்த்துவிட்டேன்’ என்ற அறிவிப்பு என்று இதன் இனப் பறவைகளை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். அது முடிந்ததும் தாழம்புதருக்குள் காணாமல் போய்விடும்.

உண்மையில் மாட்டுகிறவை யார் என்றால், புதிதாகக் கூட்டை விட்டு இறங்கிய குஞ்சுகள். வால் இன்னும் முளைக்காத கொண்டைக்குருவிக் குஞ்சு குரோட்டன்ஸ் செடிக்கடியில் உட்கார்ந்திருக்கும். தாயும் தகப்பனும் மேலே நின்று கத்தக் கத்த அது இன்னும் உறைந்து போகும். அசையாமல் இரு என்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு. பாம்பிடமோ பருந்திடமோ அது கொஞ்சம் உதவலாம். மோப்பமும் பொறுமையும் உள்ள பூனைக்கு முன்னால் உதவாது. அப்படி ஒரு குஞ்சைப் பார்த்தால் வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பால்சோறு ஊட்டத் தேவையில்லை. கைக்கு எட்டுகிற ஒரு கிளையில் ஏற்றிவிட்டு, பூனையைப் பிடித்து உள்ளே அடைத்தால் போதும். பெற்றவை வந்து பார்த்துக்கொள்ளும். பூனை ஏற்கெனவே கவ்விவிட்டது என்றால் கதை வேறு. காயம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பூனையின் எச்சிலில் இருக்கிற பாஸ்ச்சுரெல்லா என்ற கிருமி ஒன்றிரண்டு நாளில் குஞ்சைக் கொன்றுவிடும். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் உடனே மருந்து கொடுத்தால்தான் உண்டு. மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருப்பதில் பயன் இல்லை.

புறாவைப் பற்றிக் கேட்க எனக்கு ஆள் தூரத்தில் இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டு அண்ணன் ஹோமரும் கர்ணப்புறாவும் வளர்க்கிறார். பகலில் புறாவைப் பூனை பிடிப்பது லேசில்லை. ஒன்று ‘படபட’வென்று சிறகடித்து எழுந்தால் அந்தச் சத்தத்துக்கே மொத்தக் கூட்டமும் எழும். குரல் கொடுக்கவே வேண்டாம். ராத்திரிதான் பிரச்சினை. இருட்டில் புறாவுக்குப் பறக்கத் தைரியம் கிடையாது. கூட்டுக்குள் பூனை புகுந்தால் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மூலையில் ஒதுங்கும். அண்ணன் ஒரு விடியற்காலையில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்: கூட்டின் தரையெல்லாம் வால் இறகு. ஒரு ஹோமர் வாலே இல்லாமல் மேல்தட்டில் நின்றது, உடம்பில் கீறல்கூட இல்லை.

“பூச்சை புடிச்சிருக்கு. வாலக் குடுத்துட்டு இவன் தப்பிச்சிட்டான், தம்பி,” என்றார்.

அது உண்மைதான். பெரும் பயம் வந்தால் புறா வகைகளுக்கு இறகின் பிடி தளர்ந்துவிடும், முக்கியமாக வாலில். கவ்வினவன் வாயில் இறகு மிஞ்சும், பறவை போய்விடும். சில வாரங்களில் புது வால் முளைக்கும். இந்த ஹோமருக்கும் முளைத்தது. பல்லிக்கு உள்ள உபாயம் புறாவுக்கும் இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. அண்ணன் கூட்டின் கால்களுக்குத் தகரம் சுற்றி, கம்பிவலையைச் சின்னக் கண்ணாக மாற்றிய பிறகு தொந்தரவு இல்லை.

கத்துகிறவைக்குப் பயம் குறைவு என்று சொன்னேன். கத்துவதற்கு விலையே இல்லை என்று சொல்லவில்லை. எலுமிச்சைச் செடியில் ஒரு தையல்சிட்டு இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்துக் கூடு வைத்திருந்தது. முழங்கால் உயரம்தான். அதைத் தேடிக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது, அவ்வளவு கெட்டிக்கார வேலை. சாளை செடிக்கடியில் நிழலுக்குப் போய்ப் படுத்தது. கூட்டைப் பார்த்துப் போகவில்லை, வெயிலுக்குப் போனது. அந்தத் தம்மாத்துண்டு ஜோடி, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத சத்தத்தில் ‘டுவீட் டுவீட் டுவீட்’ என்று செடியைச் சுற்றிக் குதித்தன. நான் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பிற்பாடு பார்த்தால் எலுமிச்சையின் மேல்கிளையில் வால்காக்கை. தலையைச் சாய்த்துச் சாய்த்து இலைகளுக்குள் பார்த்துக்கொண்டிருந்தது. பூனைக்குத் தெரியாத கூடு அதற்குத் தெரிந்துவிட்டது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் இதையே சோதனையாகச் செய்து பார்த்திருக்கிறார்கள், 2013-இல் வெளியானது. பாடம் செய்த பூனை ஒன்றை, பிளாக்பேர்ட் என்கிற அந்த ஊர்க் கருங்குருவியின் கூட்டுக்குப் பக்கத்தில் பதினைந்து நிமிடம் வைத்து எடுத்தார்கள். பூனை எடுக்கப்பட்ட பிறகும் பெற்றோர் குஞ்சுக்கு இரை கொண்டுவருவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அவை போட்ட கூச்சலால் கூடு இருக்கும் இடம் தெரிந்துபோய், அடுத்த ஒரு நாளுக்குள் காகமும் மேக்பை என்கிற அந்த ஊர் வால்காக்கையும் அந்தக் கூடுகளை அதிகமாகக் கொள்ளையடித்தன. உயிரில்லாத பூனை. அது ஒன்றையும் தொடவில்லை.

பூனை எதிரி என்பது பறவைக்குப் பிறவியிலேயே தெரியுமா, பார்த்துக் கற்றுக்கொள்கிறதா என்றால், கற்றுக்கொள்வது நாம் நினைப்பதைவிட அதிகம். ஜெர்மனியில் எபர்ஹார்ட் கூரியோ 1978-இல் வெளியிட்ட சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு கருங்குருவிகள், நடுவில் ஒரு பெட்டி. ஒரு குருவிக்குத் தெரிவது ஆந்தை. மற்றதற்குத் தெரிவது ஒரு பிளாஸ்டிக் பாட்டில். முதலாவது ஆந்தையைப் பார்த்துக் கத்துகிறது. இரண்டாவது, இவன் இந்தப் பாட்டிலைப் பார்த்தல்லவா கத்துகிறான் என்று எடுத்துக்கொண்டு பாட்டிலைத் திட்டத் தொடங்குகிறது. பிறகு அந்தக் குருவி இன்னொன்றுக்குக் கற்றுக்கொடுக்கிறது, அது அடுத்ததுக்கு. ஒரு ஊரில் ஒருவரைப் பற்றிப் பேச்சு எப்படிப் பரவுகிறது என்பதற்கு இதைவிட நல்ல ஆராய்ச்சி இல்லை.

மைனா இந்தப் படிப்பில் மேல்வகுப்பு. சாளை திண்ணையில் கண்ணை மூடிக் கிடந்தால் மைனாக்கள் முற்றத்தில் பத்தடி தூரத்திலேயே நடந்து சோற்றுப் பருக்கை பொறுக்கும். கண் திறந்தால் தூரம் கூடும். பார்வை தங்கள் பக்கம் நிலைத்தால்தான் குரல் வரும். மைனாவின் குடும்பத்துப் பறவையான ஸ்டார்லிங், எதிரே இருப்பவரின் கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கவனித்து நடந்துகொள்கிறது என்று 2008-இல் இங்கிலாந்தில் காட்டியிருக்கிறார்கள். எங்கள் முற்றத்து மைனாவைப் பார்த்தவர்கள் அதற்கு ஆச்சரியப்படமாட்டார்கள்.

நம் ஊர்ப் பறவைகளுக்கு இன்னொரு அனுகூலம்: வீட்டுப்பூனை வருவதற்கு முன்பே மேற்குத் தொடர்ச்சி மலையில் காட்டுப்பூனை உண்டு, சிறுத்தைப்பூனை உண்டு, துருநிறப் புள்ளி போட்ட, உலகத்திலேயே மிகச் சிறிய பூனைகளில் ஒன்றும் உண்டு. தலைமுறை தலைமுறையாக இந்த உருவம் பரிச்சயம். பூனையே இல்லாத தீவுகளில் இது இல்லை. நியூசிலாந்தில் ஸ்டீஃபன்ஸ் தீவு என்று ஒரு சின்னத் தீவு. அங்கே பறக்கத் தெரியாத ஒரு குட்டிக் குருவி, எலி மாதிரி பாறையிடுக்கில் ஓடித் திரிந்தது. 1894-இல் கலங்கரை விளக்கம் வந்தது, கூடவே பூனையும் வந்தது. விளக்கு ஊழியரின் ஒரே பூனைதான் அந்த இனத்தையே அழித்தது என்று கதை சொல்வார்கள். உண்மையில் பெருகிப்போன பல பூனைகள். ஓரிரு வருடங்களில் அந்தக் குருவி இல்லாமலே போனது. முட்டம் கலங்கரை விளக்கத்தடியில் படுத்திருக்கிற பூனைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம் வரும். இங்கே மைனாவும் காகமும் அவற்றை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருக்கும்.

கடைசியாகக் கூண்டுப் பறவை. புறா அண்ணன் வீட்டு மயினி லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறார். லவ் பேர்ட்ஸ் என்று நாம் வாங்குவது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பட்ஜெரிகர். அங்கே அது ஆயிரக்கணக்கில் கூட்டமாகப் பறக்கும். ஆபத்து என்றால் மொத்தக் கூட்டமும் ஒரே வீச்சில் திரும்பிப் போவதுதான் அதற்குத் தெரிந்த வழி. அந்தப் பறவையை இரண்டடிக் கம்பிக்கூண்டில் போட்டால் போவதற்கு எங்கும் இல்லை. பூனை பக்கத்தில் வந்தால் முதலில் கம்பியில் மோதும். பிறகு ஒரு மூலையில் ஒன்றன் மேல் ஒன்றாக அப்பிக்கொண்டு, இறகை உடம்போடு இறுக்கி, மெலிந்து நீண்டு நிற்கும். நாள் முழுக்கக் கீச்சுக்கீச்சு என்று பேசுகிறவை ஒரு சொல் பேசாது. பார்க்கிறவர்கள், “பூனைக்குப் பழகிடுச்சு, சத்தமே போடல்ல” என்பார்கள்.

மயினியும் அப்படித்தான் சொன்னார். “ஒம் பூச்சை கூண்டுக்கு மேல ஏறிப் படுத்துக் கெடக்கு, குருவி சும்மாதான் இருக்கு. ஆனா கலயத்துக்குள்ள முட்டையே இடமாட்டேங்குது. ஜோடி சரியில்லியோ?”

ஜோடியில் குறை ஒன்றும் இல்லை. கூண்டின் கூரையில் பூனை படுத்திருக்கும்போது யாரும் குடித்தனம் நடத்தமாட்டார்கள். இரவில் பூனையின் நிழலோ உரசலோ பட்டுத் திடுக்கிட்டு, இருட்டில் கம்பியில் மோதிச் சிறகை உடைத்துக்கொள்வதும் இந்தக் கிளி வகைகளில் நடக்கும். காக்கட்டீல் என்கிற கொண்டைக் கிளியை வளர்க்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு பக்கம் சுவர் இருந்து, பூனை ஏற முடியாத உயரத்தில் தொங்கி, ராத்திரி ஒரு துணி மூடினால் அவை வேறு பறவைகள்.

சாளையை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. எங்கேயாவது கொண்டு விட்டுவிடு என்று அண்ணன் சொன்னார், பாதி வேடிக்கையாக. கழுத்தில் மணி கட்டு என்றார் மயினி. 2021-இல் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில் மணியால் சொல்லிக்கொள்கிற மாற்றம் எதுவும் தெரியவில்லை. பளிச்சென்ற நிறத்துணியில் கழுத்துப்பட்டை போட்ட பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த பறவைகள் 42 சதவீதம் குறைந்தன. பறவைக்கு நிறம் நன்றாகத் தெரியும், பதுங்கினாலும் கண்ணில் படும். இறைச்சி கூடுதலாக உள்ள உணவு கொடுத்ததில் பிடிக்கிற பிராணிகள் 36 சதவீதம் குறைந்தன. தினமும் ஐந்து பத்து நிமிடம் கூட விளையாடினதில் 25 சதவீதம். சாப்பாட்டில் சாளைக்குக் குறை இல்லை, பெயரே அதுதான். விளையாட்டைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள், ஒரு நூலும் கோழி இறகும் போதும். விடியற்காலையில் குருவிகள் தரையிறங்குகிற நேரத்தில் அதை உள்ளே அடைத்துவைக்கிறோம். அதற்கு அது போடுகிற கூச்சல் தனி.

கழுத்துப்பட்டையை மயினியே தைத்துக் கொடுத்தார், கிளிப்பச்சையில் மஞ்சள் கரை போட்ட பழைய புடவைத் துண்டில், ஏதாவது கிளையில் மாட்டினால் கழன்றுவிடுகிற மாதிரி ஒரு பட்டன் வைத்து. தவிட்டுக்குருவிகள் இப்போது சாளையை வாழைக்கு அந்தப் பக்கமே கண்டுபிடித்துவிடுகின்றன. லவ் பேர்ட்ஸ் கூண்டு அடுக்களைத் திண்ணைக்கு மாறி, உத்தரத்திலிருந்து தொங்குகிறது. காலையில் பல் தேய்க்கும்போது மதிலுக்கு இந்தப் பக்கம்வரை அவற்றின் பேச்சு கேட்கிறது. முட்டை இட்டாச்சா என்று கேட்டால் மட்டும் மயினி சொல்வதில்லை. கண்ணு பட்டுருமாம்.